ஆறு மஃபின்களும் ஒரு நாக்கும்

கட்டிகளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். தேவஇரக்கத்தால் அதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கரைத்த மாவு என்றால் கட்டியில்லாமல் இருக்க வேண்டும் என்பது அறுபத்து மூன்று ஆண்டுகளில் எவரும் அவரிடம் மறுத்துப் பேசாத செய்தி. கிண்ணத்தில் மைதாவும் பாலும் முட்டையும் எண்ணெயும் கலந்து வெளிறிய மஞ்சளாகக் கிடந்தன; நடுவே சுண்டைக்காய் அளவில் ஏழெட்டு உருண்டைகள் நனையாத மாவை உள்ளே பொத்தி வைத்துக்கொண்டு மிதந்தன. கரண்டி தானாகவே அவற்றைத் தேடிப் போயிற்று. ஒன்றை நசுக்கினார். இரண்டாவதை நெருங்கும்போது, நான்காம் முறையாக அவரே அழுத்திவிட்ட கைப்பேசியிலிருந்து பியூலாவின் பதிவுக் குரல், பெங்களூர் அலுவலக இரைச்சலுக்கு நடுவே, ஓடிக்கொண்டிருந்தது: "அப்பா, இது அடிப்படைதான். இத வச்சிக்கிட்டு எத வேணும்னாலும் செய்யலாம். வாழப்பழம் போடலாம், கேரட் துருவிப் போடலாம், இனிப்பு வேண்டாம்னா மிளகும் உப்பும் போடலாம். அடிப்படைய மட்டும் மாத்தாதீங்க. கட்டி இருந்தா இருக்கட்டும், உங்க குணத்துக்கு அதப் போட்டு அடிச்சிக்கிட்டே இருக்காதீங்க, ரப்பரா ஆயிரும்." உங்கள் குணத்துக்கு. அவர் குணத்துக்கு என்ன குறை? இருபத்தெட்டு ஆண்டுகள் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவர். திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் அவர் கண்ணுக்குத் தப்பித் தராசு ஒரு பக்கம் சாய்ந்ததில்லை. அந்தக் குணத்தைத் தூக்கி எங்கே வைப்பது? கரண்டியைக் கீழே வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டிகள் மிதந்தன. மிதக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார். சொல் வந்தது, மனம் வரவில்லை. அடிப்படை என்று ஒன்று இருக்கிறது, மேலே எது வந்தாலும் அது தாங்கும் என்று இந்தப் பெண் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். அவருக்கு அடிப்படை எது? கேட்டால் நேற்றுவரை நாக்கு என்று சொல்லியிருப்பார். இல்லை, நேற்றுவரை இல்லை, ஏழு மாதங்களுக்கு முன்புவரை.

மாவில் சர்க்கரை போடவில்லை, உப்பும் போடவில்லை. மறதியன்று, திட்டம் அதுதான். மனைவி கனகபாய் காலை ஒன்பதரைக்கே கோயிலுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அசனப் பண்டிகை, சபையார் எல்லாருக்கும் கறிச்சோற்றுப் பந்தி; பெண்கள் சங்கத்தார் இன்றைக்கு அரிசி புடைக்கிறார்கள், பதினொன்றரைக்கு முன் திரும்பமாட்டாள். பன்னிரண்டு மணிக்குச் சபையிலிருந்து ராஜாமணி போன் செய்வான். இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிற பொழுதில் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த மாவு, இந்த ஆறு அலுமினியக் கிண்ணங்கள், அவற்றுள் ஆறு காகித உறைகள். இரண்டில் சர்க்கரை கலப்பது. இரண்டில் உப்பு. இரண்டில் ஒன்றுமே இல்லை. வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று ஆறிலும் ஒரே அளவு வெனிலா. பிறகு கண்களை மூடிக்கொண்டு கிண்ணங்களைத் தட்டில் இடம் மாற்றி மாற்றி வைத்து, எது எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் செய்துவிட வேண்டும். வெந்த பிறகு ஒவ்வொன்றாகத் தின்று, நாக்கு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு சரிபார்க்க வேண்டும் அல்லவா? சரிபார்க்க வழியில்லாத சோதனையைச் சோதனை என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கனகபாயின் கிண்ணங்களில் கீறினால் வீடு இரண்டாகும். ஆகவே காகித உறைகளின் அடியில், பேனாவால், சர்க்கரைக்கு ஒரு புள்ளி, உப்புக்கு இரண்டு, வெறுமைக்கு மூன்று என்று முன்பே வைத்துவிட்டார். அடியில் வைப்பதுதான் முறை. எடைக்கல்லைக் கவிழ்த்தால் அடியில் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தில் முத்திரை; மேலே அழகாக இருப்பதெல்லாம் கடைக்காரனுக்கு, அடியில் இருப்பதுதான் சர்க்காருக்கு. புள்ளி வைக்கும்போது கைக்கு ஏற்பட்ட நிம்மதி, இந்த ஏழு மாதங்களில் கைக்குக் கிடைக்காத நிம்மதி. சர்க்கரையைக் கலந்தார், உப்பைக் கலந்தார், கண்களை மூடினார், கிண்ணங்களை உருட்டாமல் நகர்த்தினார், நாற்பது எண்ணும்வரை நகர்த்தினார், கண் திறக்காமலே தட்டைத் தடவிப் பிடித்து ஓவனுக்குள் தள்ளினார். மூடிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். நூற்றெண்பது. இருபத்திரண்டு நிமிடங்கள். கண்ணாடிக்கு அப்பால் கம்பிகள் சிவக்கத் தொடங்கின.

அந்தச் சிவப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. நாக்குப் புற்றுக்குக் கதிர் வைத்த அறையில் சிவப்பே கிடையாது, எல்லாம் வெள்ளை, ஓர் ஓரத்தில் பச்சைக் கோடு; ஆனாலும் ஒரு பொருளை உள்ளே வைத்து மூடிவிட்டு வெளியே நின்று பார்ப்பது என்பது ஒன்றுதானே. அங்கே உள்ளே இருந்தது அவர். முகத்தின் அளவுக்கு வார்த்தெடுத்த வலைமூடியைப் போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். "அசையாதீங்க ஐயா, எச்சில் முழுங்காதீங்க" என்று சொல்லிவிட்டு எல்லாரும் ஓடிப்போவார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று நினைக்காமல் இருப்பதற்காக அவர் எண்ணத் தொடங்குவார். முப்பத்து மூன்று நாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் தண்ணீர் துருப்பிடித்த ஆணியைப் போல இருந்தது. மூன்றாம் வாரம் சோறு நனைந்த பஞ்சு. அதற்குப் பிறகு ஆணியும் இல்லை, பஞ்சும் இல்லை. வாய்க்குள் ஓர் இடம் இருந்தது, அதில் பொருள்கள் போய் வந்தன. நாக்கின் ஓரத்தில் இருந்த புண் போய்விட்டது, போய்விட்டது என்றுதான் டாக்டர் சொன்னார், படத்தைக் காட்டிச் சொன்னார், சொன்ன அதே மூச்சில், "ருசி ஆறு மாசத்துல வரலாம், ஒரு வருஷம் ஆகலாம், சிலருக்கு..." என்று நிறுத்திக் கைகழுவப் போய்விட்டார். ஒரு வாக்கியத்தைப் பயனிலை இல்லாமல் விட்டுவிட்டுப் போகலாமா ஒரு மனிதர்? சிலருக்கு என்ன? ஏழு மாதமாக அந்தப் பயனிலைக்குத்தான் காத்திருக்கிறார். தினமும் காலையில் கனகபாய் வாசல் தெளிக்கப் போகும் நேரத்தில் டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்க்கிறார். வெள்ளையாக ஒன்றும் இல்லை, சிவப்பாக ஒன்றும் இல்லை. இல்லை என்பதைப் பார்த்த பிறகும் பல் தேய்க்கும்போது விரல் அந்த ஓரத்துக்குத்தான் போகிறது. ருசி திரும்பாதது வேறு, நோய் திரும்புவது வேறு என்று அறிவுக்குத் தெரியும். அறிவுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை.

ஓவனுக்குள் மாவின் விளிம்புகள் மேலெழுந்தன. நடுப்பகுதி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் ராஜாமணி வந்து முன்னறைப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தான். சபைச் செயலர், அவரைவிடப் பதினைந்து வயது இளையவன், எதையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறவன். "என்ன அண்ணாச்சி, நாக்கு எப்படி இருக்கு?" என்றான், ஏதோ வெளியூரில் இருக்கிற உறவினரை விசாரிப்பதைப் போல. "அதுக்கென்ன, பழையபடிதான்" என்றார் தேவஇரக்கம். யோசிக்கவில்லை, வந்துவிட்டது. "அப்ப சரி. ஆனா நீங்க வாய் திறந்து ஒரு வார்த்த சொல்லணும், கமிட்டியில எழுதணும்லா. நாளைக்கு மத்தியானம் போன் பண்ணுதேன். நீங்க இல்லன்னா உப்ப நானே பாத்துக்கிடுதேன்னு சமையல் மாஸ்டர் பால்துரை ஒத்தக்கால்ல நிக்கான். அவன் கையில விட்டா பந்திய தூத்துக்குடி உப்பளத்துலதான் போடணும்." கனகபாய் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சபையின் அசனத்தில் உப்பு ஒரு கைதான் என்பது எழுதாத சட்டம். முன்பு ஒரு வருடம் சமையற்காரனும் ஒருமுறை போட்டு, கமிட்டிக்காரர் ஒருவரும் தம் பங்குக்குப் போட்டு, எட்டு அண்டா ஆட்டுக்கறியும் வாயில் வைக்க முடியாமல் போய், மூவாயிரம் பேர் வெறும் ரசத்தோடு எழுந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த சம்பந்திமார் பஸ் ஏறும்வரை அதையே பேசினார்கள். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஒரே ஆள். கொதி வந்ததும் அகப்பையிலிருந்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு. நக்கிப் பார்த்துவிட்டு அவர் விரலை உயர்த்தினால் ஒரு படி கல்லுப்பு, கையை விரித்தால் போதும். பத்தொன்பது வருடங்களாக அந்த உள்ளங்கை தேவஇரக்கத்தினுடையது. முத்திரை ஆய்வாளர் நாக்கிலும் தராசு வைத்திருக்கிறார் என்பார்கள். சந்தையில் ஒரு மீன்காரி, அவளுடைய தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியை அவர் சுரண்டி எடுத்தபோது, "எல்லாத்துக்கும் முத்திர குத்துதிய, உங்க நாக்குக்கு யாருய்யா முத்திர குத்துவா?" என்று ஊர் கேட்கக் கத்தினாள். அன்றைக்கு அவருக்கு அது பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை எட்டு அண்டாக்களுக்கு முன்னால் நின்று கையை விரித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். பால்துரைக்கு அளவு தெரியும். அவன் முகத்தைப் பார்த்தே சமாளித்துவிடலாம். முகத்தைப் பார்த்துச் சமாளிப்பதில் இந்த ஏழு மாதங்களில் அவர் கைதேர்ந்துவிட்டார். கனகபாய் குழம்பை ஊற்றிவிட்டு நிற்கிற நிற்பில் தெரியும்: கை இடுப்பில் இருந்தால் அவளுக்குத் திருப்தி, முந்தானையில் இருந்தால் சந்தேகம். மூன்று நாளைக்கு ஒருமுறை, "கொஞ்சம் தூக்கல்" என்பார். வாரத்துக்கு ஒருமுறை, "இன்னைக்குத்தான் கை வந்திருக்கு" என்பார். குறை சொல்லாவிட்டால் சந்தேகப்படுவாள் என்பதற்காகவே குறைகளைப் பங்கிட்டு வைத்திருந்தார். ஆனால் திங்கட்கிழமை, சாம்பாரில் உப்புத் தூக்கல் என்று அவர் சொன்னபோது, அவள், "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான். அந்த அப்படியா எந்த அப்படியா? வியப்பா, கேள்வியா, ஒப்புதலா? நாற்பத்தொரு நிமிடம் அந்தச் சொல்லையே உருட்டிக்கொண்டு படுத்திருந்தார், கடிகாரத்தைப் பார்த்தபடி. அவள் வழக்கமாக, "ஆமா, உங்களுக்கு மட்டும்தான் தூக்கலு" என்பாள். அப்படியா என்று சொல்கிறவள் இல்லை அவள். அப்படியா. மூவாயிரம் பேரிடம் பொய் சொல்வது பற்றி யோசிக்கும்போதெல்லாம் மனம் இந்த ஒருத்தியிடம் சொன்ன பொய்யில்தான் போய் மாட்டிக்கொள்கிறது. முடியாது என்று ராஜாமணியிடம் சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். சொன்னால், அன்று மாலைக்குள் சபை முழுவதும், பாவம் தேவஇரக்கம் என்று ஆகிவிடும். ஜெபக் குறிப்பில் பெயர் ஏறும். அதைவிட, அவர் காதே அதைக் கேட்டுவிடும். வாய்விட்டுச் சொல்லாதவரைக்கும் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற செய்தி. சொல்லிவிட்டால் முடிந்த செய்தி.

மணி அடித்தது. கையுறை போடாமல் கதவைத் திறந்தார், போட்டார், தட்டை எடுத்தார். ஆறும் எழுந்திருந்தன. இவ்வளவுக்கு எழும் என்று அவர் நினைக்கவில்லை. விளிம்பைத் தாண்டி, குடையைப் போல் விரிந்து, உச்சியில் வெடித்து, அந்த வெடிப்பில் ஈரம் பளபளக்க நின்றன. கட்டிகளைக் காணோம். எங்கே போயின? யாரும் நசுக்காமலே போய்விட்டன. இரண்டு மஃபின்கள் மற்றவற்றைவிடச் சிவந்திருந்தன. சர்க்கரை சிவக்கும் என்று எங்கோ படித்த நினைவு. ஆனால் பின்பக்கக் கம்பி எப்போதும் கொஞ்சம் கூடச் சுடும் என்று கனகபாய் கிறிஸ்துமஸ்தோறும் புலம்புவாள், அந்த இரண்டும் பின்வரிசைதான். நிறத்தை அவர் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே கண்ணை மூடி மறுபடியும் இடம் மாற்றினார், விரல் நுனி சுட்டது, சுடட்டும். பத்து நிமிடம் ஆறவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று முறை தண்ணீரால் வாயைக் கொப்பளித்தார். எச்சில் ஊறாத வாய். பாட்டில் இல்லாமல் அவர் இப்போதெல்லாம் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

முதலாவது. மூக்கை இடக்கையால் பொத்திக்கொண்டு, உச்சியிலிருந்து ஒரு விள்ளல். மென்மை, வெதுவெதுப்பு, பல்லுக்கு இணங்கிக்கொடுக்கிற ஒரு சாது. அவ்வளவுதான். காத்திருந்தார். ஒன்றுமில்லை. இடப்பக்கம் வைத்தார். இரண்டாவது. வெதுவெதுப்பு. ஒன்றுமில்லை. இதில் உப்பு இருக்கிறதா என்று நாக்கைக் கேட்டால், எதில் என்று அது திருப்பிக் கேட்டது. இடப்பக்கம். மனம் அதற்குள் சனிக்கிழமைக்கு ஓடி, எட்டு அண்டாக்களின் ஆவிக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்து வந்தார். மூன்றாவது. மென்று, விழுங்கப் போகும் தருணத்தில், நிறுத்தினார். ஏதோ இருந்தது. ருசி என்று அதைச் சொல்ல முடியாது. இருட்டறைக்குள் நுழைந்து, யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டே சட்டையைக் கழற்றப் போகும்போது, யாரோ இருக்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரியுமே, அப்படி. மூச்சு விடாமல் நின்றார். நாக்கின் நடுவில் இல்லை, நுனியிலும் இல்லை, வலது ஓரத்தில், கதிர் படாத பக்கமாக இருக்க வேண்டும், ஒரு தினை அளவில். இன்னொரு விள்ளல். இருந்தது. மறுபடியும் ஒன்று, இருந்தது, இருந்தது. உப்பு, என்று உரக்கச் சொன்னார், யாரும் இல்லாத அடுக்களையில். உப்புத்தான். வேறு என்னவாக இருக்க முடியும்? பத்தொன்பது வருடம் பழகிய விருந்தாளி, முதலில் அதுதானே வரும். வலப்பக்கம் வைத்தார். நான்காவதிலும் யாரோ இருந்தார்கள். ஐந்தாவதில் இல்லை. ஆறாவதில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல், ஆறு விள்ளல் தின்ற பிறகு, இருக்கிறது. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. ராஜாமணிக்குச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு மணிவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, நாமே கூப்பிடலாம், ஆமாம் அப்பா, எழுதிக்கொள் என்று. கையில் போனை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு, சரிபார்க்காமல் ஒரு வார்த்தை சொல்வதா என்று பழைய ஆய்வாளர் உள்ளே செருமினார். மூன்றாவதை எடுத்துக் கவிழ்த்தார்.

அடியில் புள்ளி இல்லை. எண்ணெய் குடித்து, கண்ணாடியைப் போல் ஒளி ஊடுருவுகிற காகிதத்தில் ஒரு நீல மேகம் படர்ந்திருந்தது. நான்காவதைக் கவிழ்த்தார்: நீல மேகம். முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது. ஒரு புள்ளியும் இரண்டும் மூன்றும் எண்ணெயில் கரைந்து, பரந்து, ஒன்றையொன்று போலவே ஆகியிருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஈயத்தில் குத்தினால் நூறு வருடம் நிற்கும்; காகிதத்தில், அதுவும் அடியில், எண்ணெய் வந்து இறங்குகிற இடம் பார்த்து, பேனா மையால் புள்ளி வைத்த மடையனை என்ன சொல்வது? பக்கவாட்டில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும். பென்சிலால் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். முத்திரை என்றால் அடியில்தான் என்று கை போன போக்கில் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு மஃபின்களும் கவிழ்ந்து கிடந்தன. இப்போது உலகத்தில் எவருக்கும் எது எதுவென்று தெரியாது. அவர் நாக்குச் சொன்னது உண்மையா என்று சொல்ல இன்னொரு நாக்கு வேண்டும். இன்னொரு நாக்கு இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. அதனிடம் கேட்க வேண்டுமென்றால், ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெளிக்கேட்டின் கொண்டி கழன்ற ஓசை கேட்டது. பதினொன்று ஐந்து; சீக்கிரமே வந்துவிட்டாள். ஆறையும் அள்ளிக் குப்பைவாளியில் போட ஒரு கணம் போதும். எழுந்தார். அந்தக் கணம் முழுவதும் கையில் மூன்றாவது மஃபினைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை மட்டும் போட முடியவில்லை.

"என்னங்க, வாசன தெருமுக்கு வரைக்கும் வருது? பியூலா வந்திருக்காளா?" கனகபாய் தலையில் தவிட்டுத் தூசியோடு அடுக்களை வாசலில் நின்றாள். மேசையைப் பார்த்தாள், கவிழ்ந்தவற்றைப் பார்த்தாள், அவர் மூக்கின் மேல் ஒட்டியிருந்த மைதாவைப் பார்த்தாள். "ஏன் எல்லாத்தையும் கவுத்துப் போட்டுருக்கிய? அதுக்கும் முத்திர பாக்குதியளா?"

"கனகம், இதத் தின்னு பாத்து என்னன்னு சொல்லு" என்று மூன்றாவதை நீட்டினார்.

"என்னன்னா? கேக்குதான்."

"உள்ள என்ன போட்டிருக்குன்னு சொல்லு."

"செஞ்சது நீங்க. என்னக் கேட்டா?"

"எனக்குத் தெரியல்ல" என்றார். அந்த இரண்டு சொற்களும் ஏழு மாதங்களைக் கடந்து வந்ததாலோ என்னவோ, மிகச் சிறியவையாக இருந்தன. "எனக்கு ஒண்ணுமே தெரியல்ல, கனகம். கதிர் வச்ச நாள்ல இருந்து. நான் சொன்னதெல்லாம் சும்மா. தூக்கல்னது, சரியா இருக்குன்னது, எல்லாம்."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறாளா என்று பார்த்தார், தூசியைத்தான் துடைத்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தவக்கால வெள்ளிக்கிழம ஒரு கஞ்சி வச்சேன்லா, அதுல உப்பே போடல்ல. மறந்துட்டேன். கோயிலுக்குப் போற அவசரம். நீங்க ரெண்டு தம்ளர் குடிச்சிட்டு, இன்னைக்குத்தான் கை வந்திருக்குன்னிய. நான் பொறவாசல்ல போய் நின்னு அழுதுட்டு வந்தேன்."

"தவக்காலம்னா... மூணு மாசம்! நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க சொல்லல்லியே. மூணு நாளைக்கு ஒருக்க தூக்கல், தூக்கல்னு சொல்லிக்கிட்டிருந்திய. நான் பத்து ரகமா சமைச்சிப் போட்டதுக்குக் கிடைச்ச பட்டம் அது. திங்கக்கிழம சாம்பார்ல உப்பு கம்மிதான், நான் தின்னேன், எனக்குத் தெரியும். தூக்கலாம்!" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த பிறகுதான் கண் நிறைந்தது. "நீங்களா ஒருநாளு வாயத் தொறப்பியன்னு இருந்தேன். சரி, குடுங்க இங்க."

வாங்கிக் கடித்தாள். மென்றாள். அவர் அவளுடைய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார், கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்கிறவர்களை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், அப்படி. "உப்புதானே?" என்றார், பொறுக்கமாட்டாமல்.

"சக்கர."

"நல்லாப் பாரு. உப்பு."

"சக்கரங்க. இனிச்சிக் கெடக்கு." நான்காவதையும் கடித்தாள். "இதுவும் சக்கர." ஆறாவதைக் கடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "ஐய, இதுல உப்ப அள்ளிக் கொட்டியிருக்கியளே!" இடப்பக்கத்தின் முதலாவது வெறுமை, இரண்டாவதும் வெறுமை, ஐந்தாவதில் உப்பு. அந்த உப்பை மட்டும் அவர் நாக்குத் தவறவிட்டிருந்தது. மற்ற ஐந்திலும், இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் அது சொல்லியிருந்தது. வந்திருப்பவர் யார் என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. சர்க்கரையை உப்பு என்று பெயர் சொல்லி அழைத்திருக்கிறது. தேவஇரக்கம் அதை மெல்ல மெல்ல உள்வாங்கினார். அந்தத் தினை அளவு பொய்யில்லை. வந்தது வந்ததுதான். ஆனால் சர்க்கரைக்கும் உப்புக்கும் வேறுபாடு தெரியாத நாக்கை மூவாயிரம் பேருக்கு முன்னால் நிறுத்த முடியாது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் ஒரே நேரத்தில் மனத்துக்குள் இருந்தன. இவை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அங்கே இவ்வளவு இடம் இருந்தது அவருக்கே தெரியாது. வரும், என்று முதன்முதலாக நினைத்தார். சனிக்கிழமைக்குள் வராது. வரும்.

ராஜாமணி பன்னிரண்டு மணிவரை காத்திருக்கவில்லை. பதினொன்று இருபதுக்கே அழைத்துவிட்டான். "அண்ணாச்சி, எழுதிக்கிடவா? மாஸ்டர் இங்கனதான் நிக்கான், மீசைய முறுக்கிக்கிட்டு."

"எழுதிக்கோ. உப்பு இந்த வருஷம் கனகபாய் பாக்கும்."

கனகபாயின் வாயிலிருந்த விள்ளல் அப்படியே நின்றது. இரண்டு கைகளையும் ஆட்டி, வேண்டாம், வேண்டாம் என்றாள். "அக்காவா? அண்ணாச்சி, நீங்க நேத்து பழையபடின்னிய..."

"நேத்து பொய் சொன்னேன், ராஜாமணி. எனக்கு இன்னும் ருசி வரல்ல. வரும். இப்ப இல்ல."

"அதுக்கில்ல அண்ணாச்சி, பொம்பளைய அண்டாப் பக்கம்... இதுவரைக்கும் வழக்கமில்லையே. கமிட்டியில கேப்பாங்க."

"கேட்டா, நாப்பது வருஷமா என் நாக்க ஒழுங்கா வச்சிருந்தது யாருன்னு நீ கேளு. நான் அண்டாப் பக்கத்துல நிக்கேன். ஆனா கை அவ கைதான். ஒரு கை."

மறுமுனையில் யாரோ எதையோ சொன்னார்கள், பால்துரையாக இருக்க வேண்டும். ராஜாமணி, "சும்மா இரும் வே" என்று அவனை அடக்குவது கேட்டது. பிறகு, "அக்காட்ட குடுங்க" என்றான்.

போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "மூவாயிரம் பேருங்க" என்று உதடு அசையாமல் சொன்னாள். அவர் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். கனகபாய் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கி, காதில் வைத்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "ஆமா, சொல்லு" என்றாள். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இடக்கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. "அதெல்லாம் இருக்கட்டும், ராஜாமணி. மாஸ்டர்ட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லு. கறி கொதிச்ச பொறவு என்னக் கூப்புடணும். அதுக்கு முந்தி எந்த அண்டாவுலயும் ஒருத்தன் கல்லுப்புல கை வைக்கக் கூடாது. வச்சான்னா அங்கனயே கரண்டியால ஒரு போடு போடுவேன்னு சொல்லு. சிரிக்காத, சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டபடி தேவஇரக்கம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான்காவது மஃபினில் அவள் கடித்தது போகப் பாதி மிச்சமிருந்தது. கவிழ்த்துப் பார்க்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை, எந்த ஓரத்தில் என்ன வருகிறது என்று காத்திருக்கவும் இல்லை. பசித்தது. தின்றார்.